ஆப்பிரிக்கானுஸ் என்ற பெயருக்கு உரியவர்

வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துத் தளபதி ஹன்னிபலைத் தோற்கடித்தவர் யார் என்று கேட்டால், வரலாற்றில் கொஞ்சம் ஆர்வம் உள்ள எவரும் ரோமத் தளபதி ஸ்கிபியோ ஆப்பிரிக்கானுஸ் என்று சொல்லிவிடுவார்கள். அதே பெயரோடு பின்னால் வாழ்ந்தவர்களைப் பற்றிக் கேட்டால் பேச்சு நின்றுவிடும். நான் எழுத வந்தது அவர்களைப் பற்றித்தான். அதிலும் ஸ்கிபியோ ஆப்பிரிக்கானுஸ் ஜோன்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பின வழக்கறிஞரைப் பற்றிச் சொல்லத்தான் இத்தனை நீளப் பதிவு. இரண்டாயிரத்து இருநூறு வருடமாகப் புழங்கும் இந்தப் பெயரை அவர் அளவுக்கு யாரும் உயர்த்தவில்லை என்பது என் கருத்து. முதல் ஆளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

முதல் ஆளின் கதை சுருக்கமாக. கொர்னேலியுஸ் என்ற ரோமப் பெருங்குலத்தின் ஒரு கிளைதான் ஸ்கிபியோ குடும்பம். கி.மு. 211-இல் ஸ்பெயினில் நடந்த போரில் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்துச் செத்தார்கள். இருபதுகளில் இருந்த மகன் அதே ஸ்பெயினுக்குப் படையோடு போனார், ஜெயித்தார், அங்கிருந்து ஆப்பிரிக்காவுக்குக் கடல் தாண்டினார். கி.மு. 202-இல் ஜாமாவில் ஹன்னிபலை வீழ்த்தினார். அதற்குக் கிடைத்த பட்டம்தான் ஆப்பிரிக்கானுஸ். தான் வென்ற நாட்டின் பெயரையே பட்டமாகப் பெற்ற முதல் தளபதி அவர்தான் என்று ரோம வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். ஜாமாவில் போரின் போக்கைத் திருப்பியது நுமிடிய அரசர் மசினிஸாவின் குதிரைப்படை. அவரும் ஆப்பிரிக்க மண்ணில் பிறந்தவர். இந்தப் பெயரின் கதையைச் சொல்லும்போது மசினிஸாவை விட்டுவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பேரன் தலைமுறையில் இன்னொரு ஸ்கிபியோ வந்தார். அவர் பிறப்பால் எமிலியுஸ் குலம், தத்துப் போய் ஸ்கிபியோ ஆனவர். கி.மு. 146-இல் கார்த்தேஜ் நகரத்தைத் தரைமட்டம் ஆக்கியது அவர்தான். உயிர் பிழைத்தவர்களை அடிமைகளாக விற்றார்கள். எரியும் நகரத்தைப் பார்த்து அவர் கண்ணீர் விட்டார், ஹோமரின் வரிகளைச் சொன்னார் என்று கூடவே இருந்த கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியுஸ் எழுதி வைத்திருக்கிறார். அழுதது உண்மையாகவே இருக்கட்டும். விற்றதும் உண்மைதானே! அவருக்கும் ஆப்பிரிக்கானுஸ் பட்டம் கிடைத்தது. ஆக, அந்தப் பெயருக்குள் ஆப்பிரிக்க மனிதர்களை விற்ற காசு கி.மு. இரண்டாம் நூற்றாண்டிலேயே வந்து சேர்ந்துவிட்டது.

பெயர் மேல் ரோமர்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காட்ட ஒரு சம்பவம் போதும். கி.மு. 46-இல் ஜூலியஸ் சீசர் ஆப்பிரிக்கக் கரையில் போரிட வந்தபோது எதிர்ப்படையின் தளபதி மெட்டல்லுஸ் ஸ்கிபியோ. 'ஆப்பிரிக்க மண்ணில் ஸ்கிபியோ தோற்க மாட்டான்' என்ற பேச்சு சிப்பாய்களிடம் பரவியிருந்தது. சீசர் என்ன செய்தார் தெரியுமா? தன் படையில் இருந்த, யாருமே மதிக்காத ஒரு ஸ்கிபியோவைத் தேடிப் பிடித்து, தளபதி மாதிரி முன்வரிசையில் நிறுத்தினார். 'எங்களிடமும் ஒரு ஸ்கிபியோ இருக்கிறான்' என்று காட்ட அது போதுமாக இருந்தது. தப்ஸுஸ் என்ற இடத்தில் நடந்த போரில் சீசர் ஜெயித்தார். ஆள் எப்படிப்பட்டவர் என்பது பொருட்டே இல்லை, பெயர் இருந்தால் சரி. இதைப் படித்த நாளிலிருந்துதான் எனக்கு இந்தப் பெயரைப் பின்தொடரும் பழக்கம் வந்தது.

பேரரசு போய்ப் பல நூற்றாண்டு கழித்து, மறுமலர்ச்சிக் கால இத்தாலியில் பழைய பெயர்களைப் பிள்ளைகளுக்கு வைப்பது பெருமையாக இருந்தது. ஸ்கிபியோ அங்கே ஷிப்பியோனே ஆனது. போலோனியாவில் கணக்கு வாத்தியாராக இருந்த ஷிப்பியோனே தெல் ஃபெர்ரோ, முப்படிச் சமன்பாட்டின் ஒரு வகைக்குத் தீர்வு கண்டுபிடித்தவர். வெளியே சொல்லாமல் ரகசியமாக வைத்திருந்தார். 1526-இல் அவர் இறந்த பிறகு நோட்டுப் புத்தகம் மருமகன் கைக்குப் போனது. மருமகன் பெயர் என்ன என்கிறீர்கள்? அன்னிபாலே, அதாவது ஹன்னிபல். ஜாமாவில் எதிரெதிரே நின்ற பெயர்கள் போலோனியாவில் மாமனார் மருமகன் ஆகிவிட்டன! 1543-இல் கார்டானோ என்ற கணித அறிஞர் அந்த நோட்டைப் போய்ப் பார்த்த பிறகுதான் விஷயம் உலகத்துக்கு வந்தது. அப்புறம் ரோமில் கர்தினால் ஷிப்பியோனே போர்கேஸே. பெர்னினியின் சிற்பங்கள் இருக்கும் போர்கேஸே மாளிகையைக் கட்டியவர் என்றால் பயணம் போனவர்களுக்குத் தெரியும்.

இத்தாலியின் தேசிய கீதத்திலும் ஸ்கிபியோ இருக்கிறார். 1847-இல் மாமேலி என்ற இளைஞர் எழுதியது அது. ஸ்கிபியோவின் தலைக்கவசத்தை இத்தாலி அணிந்துகொண்டாள் என்று வருகிறது. கால்பந்துப் போட்டிகளில் நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். விடுதலைக்காக எழுதிய பாட்டு என்பதால் அதன் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எத்தியோப்பியாவைப் பிடித்த மறு வருடமே, 1937-இல், முசோலினி அரசு காசு கொட்டி ஸ்கிபியோவின் ஆப்பிரிக்க வெற்றியைப் படமாக எடுக்க வைத்தது. பழைய பெயரைத் தூசி தட்டி எடுப்பவர் எதற்காக எடுக்கிறார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

இப்போது இங்கிலாந்துக்கு வருகிறேன். பிரிஸ்டல் நகரத்தின் ஓரத்தில் ஹென்பரி என்று ஓர் இடம். அங்குள்ள புனித மரியாள் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லறைக்குத் தலைமாட்டில் ஒரு கல், கால்மாட்டில் ஒரு கல். இரண்டிலும் கறுப்பு நிறத்தில் குட்டித் தேவதைகளின் முகங்கள். தலைமாட்டுக் கல்லில் இருக்கும் பெயர் ஸ்கிபியோ ஆப்பிரிக்கானுஸ். சஃபோக் பிரபுவின் நீக்ரோ வேலைக்காரன், 1720 டிசம்பர் 21-இல் இறந்தான், வயது 18. கால்மாட்டுக் கல்லில், அவன் பேசுவது மாதிரியே செய்யுள்: அஞ்ஞானியாகவும் அடிமையாகவும் பிறந்தேன், இப்போது கிறிஸ்தவனாக உறங்குகிறேன், என் நிறம் கறுப்பானாலும் இரட்சகர் அதை ஒளியாக மாற்றுவார் என்று போகிறது.

பதினெட்டு வயதுப் பையன். அவன் அம்மா அவனை எப்படிக் கூப்பிட்டாள் என்பது கல்லில் இல்லை. ஆப்பிரிக்காவை வென்றவனுக்குக் கொடுத்த பட்டத்தை, ஆப்பிரிக்காவிலிருந்து விற்கப்பட்ட இனத்தில் பிறந்த ஒரு பையன் தலையில் வைத்திருக்கிறார்கள். லத்தீன் படித்த பிரபுக்களுக்கு அது வேடிக்கை. சீசர், பொம்பே, கேட்டோ, ஸ்கிபியோ என்று அடிமைகளுக்கு வைத்த அதே பெயர்களைத்தான் வேட்டை நாய்களுக்கும் குதிரைகளுக்கும் வைத்தார்கள். கல்லறை கட்டியிருக்கிறார்களே, பாசம் இருந்திருக்காதா என்று சிலர் கேட்பார்கள். இருந்திருக்கலாம். பாசம் இருந்த இடத்திலும் பெயரை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

2020 ஜூன் 7-ஆம் தேதி, அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையைப் பிரிஸ்டல் மக்கள் கவிழ்த்துத் துறைமுகத்தில் தள்ளினார்கள். அடுத்த சில நாட்களில் யாரோ ஹென்பரி கல்லறைக்குப் போய்க் கல்லை உடைத்து, கோல்ஸ்டன் சிலையைத் திரும்ப வையுங்கள் என்று சாக்கட்டியால் மிரட்டல் எழுதிவிட்டுப் போனார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னால் செத்த பையன் மேல் என்ன கோபம்?

இது நமக்குச் சம்பந்தமில்லாத ஊர்க் கதை என்று நினைத்துவிட வேண்டாம். டச்சுக்காரர்கள் நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் ஆட்களை அடிமைகளாகக் கப்பல் ஏற்றினார்கள். தென்னாப்பிரிக்காவின் கேப் குடியேற்றத்தில் அவர்களுக்குக் கிடைத்தவை ரோமப் பெயர்கள், பைபிள் பெயர்கள், ஜனவரி, செப்டம்பர் என்ற மாதப் பெயர்கள். பின்னால் 'ஃபான் கோரமண்டல்', 'ஃபான் பெங்காலன்' என்று ஊர் ஒட்டு. கோரமண்டல் என்ற அந்த ஒட்டுக்குப் பின்னால் தமிழ்ப் பெயர்களும் புதைந்துதான் இருக்கும்.

சரி, நான் சொல்ல வந்த மனிதர். ஸ்கிபியோ ஆப்பிரிக்கானுஸ் ஜோன்ஸ். 1863-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் அடிமைத் தாய்க்குப் பிறந்தவர். விடுதலைக்குப் பிறகு படித்தார், வாத்தியார் வேலை பார்த்தார், வக்கீல்களின் அலுவலகத்தில் சட்டம் படித்து 1889-இல் வழக்கறிஞர் ஆனார்.

1919 செப்டம்பர் 30 இரவு, அதே மாநிலத்தின் எலைன் பகுதியில், ஹூப் ஸ்பர் என்ற இடத்துத் தேவாலயத்தில் கறுப்பின விவசாயிகள் கூடியிருந்தார்கள். நிலக்காரருக்கு விளைச்சலில் பங்கு கொடுத்துப் பருத்தி பயிர் செய்தவர்கள். பருத்திக்கு நியாயமான கணக்கு வேண்டும் என்று சங்கம் வைத்திருந்தார்கள். வெளியே துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வெள்ளையர் இறந்தார். அடுத்த சில நாட்கள் வெள்ளைக் கும்பல்களும் ராணுவமும் அந்த வட்டாரத்தில் ஆடியது வேட்டை. வெள்ளையர் ஐந்து பேர் இறந்தார்கள். கறுப்பின மக்களில் இறந்தவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவே இல்லை; நூற்றுக்கணக்கில் இருக்கும் என்று சொல்லும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. ஆனால் வழக்குப் பதிவானது 122 கறுப்பின மக்கள் மேல் மட்டும். 12 பேருக்கு மரண தண்டனை. சாட்சிகளை அடித்தும் மின்சாரம் பாய்ச்சியும் சொல்ல வைத்தார்கள். ஒரு விசாரணை முக்கால் மணி நேரத்தில் முடிந்தது, ஐந்து நிமிடத்துக்குள் ஜூரி தீர்ப்புச் சொன்னது. இது பின்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான விவரம்.

வழக்கை ஜோன்ஸும் மர்ஃபி என்ற வயதான வெள்ளை வழக்கறிஞரும் சேர்ந்து நடத்தினார்கள். 1920-இல் மர்ஃபி இறந்துவிட்டார். அதன் பிறகு பாரம் முழுக்க ஜோன்ஸ் தோளில். வழக்கு நடந்த ஹெலினா ஊரில் ஒரு கறுப்பின வக்கீல் வெளிப்படையாக நடமாடுவதே உயிருக்கு ஆபத்து. இரவுக்கு ஒரு வீடாக மாறி மாறித் தங்கினார் என்று சொல்கிறார்கள். 1921 ஜூனில் ஆறு பேரை மின்சார நாற்காலியில் உட்கார வைக்க நாள் குறித்தாகிவிட்டது. தேதி நெருங்கிவிட்ட நேரத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, மாநிலத் தலைநகரான லிட்டில் ராக்கில் ஒரு நீதிபதியிடம் தடை வாங்கினார். அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று மேல் நீதிமன்றம் பிறகு சொன்னது. பரவாயில்லை, ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். வழக்கு வாஷிங்டன் போக நேரம் கிடைத்தது.

1923 பிப்ரவரி 19. கும்பலுக்குப் பயந்து நடந்த விசாரணை விசாரணையே அல்ல, அதில் கூட்டாட்சி நீதிமன்றம் தலையிட வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஹோம்ஸ். 1925-க்குள் பன்னிரண்டு பேரும் சிறையிலிருந்து வெளியே வந்துவிட்டார்கள். ஒருவரும் நாற்காலியில் உட்காரவில்லை. மாநில நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவர்களின் உரிமைக்கு அமெரிக்காவில் பெரிய கதவு திறந்தது இந்த வழக்கில்தான்.

ஜாமாவில் செத்தவர்கள் பல்லாயிரம். ஜோன்ஸ் பன்னிரண்டு பேரைச் சாகாமல் காப்பாற்றினார். எனக்கு இரண்டாவது வெற்றிதான் பெரியது. இதைச் சொன்னால், போரும் வழக்கும் வேறு வேறு, ஒப்பிடக் கூடாது என்பார்கள். ஒப்பிட வைத்தது நான் இல்லை, பெயர்.

இன்னொரு கேள்வியும் வரும். அது எஜமானர்களின் பெயர் மரபுதானே, அதைத் தூக்கி எறிய வேண்டாமா? முகமது அலி அதைத்தான் செய்தார். காசியஸ் மார்செல்லஸ் கிளே என்ற அவருடைய பழைய பெயரில் இரண்டு ரோமப் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர் அடிமைகளை விடுவித்த ஒரு கென்டக்கி அரசியல்வாதியின் பெயர். அப்படியிருந்தும் 1964-இல் அதை அடிமைப் பெயர் என்று உதறினார். அவர் செய்தது சரி. யார் வைத்தார்கள், எவ்வளவு நல்லவர் என்பதெல்லாம் அப்புறம். தன் பெயரைத் தீர்மானிப்பது தான்தான் என்று நின்றார்.

ஜோன்ஸ் உதறவில்லை. விடுதலைக்குப் பிறகு எத்தனையோ பேர் புதுப்பெயர் வைத்துக்கொண்டார்கள், அவருக்கும் அந்த வழி திறந்துதான் இருந்தது. 1943-இல் இறக்கும் வரை அவர் ஸ்கிபியோ ஜோன்ஸ்தான். வட லிட்டில் ராக்கில் கறுப்பின மாணவர்களுக்கான உயர்நிலைப் பள்ளிக்கு அவர் வாழும்போதே அந்தப் பெயரை வைத்தார்கள். 2007-இல் லிட்டில் ராக்கின் ஒரு தபால் நிலையத்துக்கும் வைத்தார்கள். ஆனால் ஆப்பிரிக்கானுஸ் என்று தேடிப் பாருங்கள், பக்கம் பக்கமாக ஜாமாதான் வரும். ஹன்னிபல் பற்றி யார் பதிவு போட்டாலும் கீழே வந்து நான் ஜோன்ஸைப் பற்றி எழுதுவது இதனால்தான். இனியும் எழுதுவேன்.