அந்த 40 நொடி வீடியோவும் 140 கிலோ பேட்டரியும்

ஒரு கூட்டத்தில் நான் மேடையில் பேசியதை 40 நொடியாக வெட்டிச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். அந்த வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள். பார்த்தாயிற்று, போதும். "மின்சார விமானமா, அதெல்லாம் ஆகாது" என்று நான் சொல்கிறேன், முன்வரிசையில் ஒரு தம்பி சிரிக்கிறார், கடைசியில் ஒரு மாட்டு வண்டிப் படம். வண்டி நன்றாகத்தான் இருந்தது. அச்சாணி மட்டும் தப்பான இடத்தில் இருக்கிறது.

அன்றைக்கு நான் பேசியது 22 நிமிடம். "ஆகாது" என்பதற்கு முன்னால் "200 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊருக்கு ரெண்டு பேரை ஏற்றிக்கொண்டு போக வேண்டுமென்றால்" என்று ஒரு வரி இருந்தது. அதை வெட்டிவிட்டார்கள். வெட்டினவருக்குக் கை சுத்தம்.

மின்சார விமானம் பறக்கும். 1973-லேயே ஆஸ்திரியாவில் ஒரு மோட்டார் கிளைடரில் (காற்றில் மிதக்கும் லேசான விமானம், மோட்டாரோடு) நிக்கல்-காட்மியம் பேட்டரியை வைத்துப் பறந்து காட்டிவிட்டார்கள். பறக்குமா என்று நான் கேட்கவே இல்லை. எத்தனை நிமிடம், எத்தனை கிலோவோடு என்றுதான் கேட்டேன். இன்னொரு தரமும் அதையேதான் கேட்பேன்.

ஸ்லோவேனியாவின் பிபிஸ்ட்ரெல் கம்பெனி செய்த வெலிஸ் எலெக்ட்ரோ விமானத்தை எடுத்துக்கொள்வோம். 2020 ஜூனில் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை அதற்கு டைப் சர்டிபிகேட், அதாவது இந்த மாடல் பறக்கத் தகுதியானது என்ற சான்று, கொடுத்தது. முழுக்க மின்சாரத்தில் ஓடும் விமானம் ஒன்றுக்கு உலகத்திலேயே முதல் தடவை. நல்ல விமானம், அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டு சீட், ஆட்களோடு சேர்த்து மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக்கூடாது. அதில் பேட்டரி மட்டும் சுமார் 140 கிலோ. அவ்வளவு பேட்டரியிலும் இருப்பது 25 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. நம் ஊர் ஈ.பி. கணக்கிலேயே சொல்கிறேன்: இரண்டு மாதத்துக்கு அரசு இலவசமாகக் கொடுக்கிற 100 யூனிட்டில் நாலு தடவை சார்ஜ் போடலாம்.

இப்போது பெட்ரோல். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. இஞ்சின் அதில் முக்கால்வாசியைச் சூடாக வெளியே விட்டுவிடும்; புரொப்பெல்லருக்கு இரண்டே கால் யூனிட் வந்தால் பெரிது. மோட்டார் அப்படி இல்லை, கொடுத்ததில் பத்துக்கு ஒன்பதைத் திருப்பித் தரும். அதையும் சேர்த்தே கணக்குப் போடுகிறேன், ஏமாற்றவில்லை. அப்படியும் அந்த 140 கிலோ பேட்டரி செய்யும் வேலையைச் செய்ய 10 லிட்டர் பெட்ரோல் போதும். எடை ஏழு கிலோ சொச்சம். செஸ்னா 152 என்ற பழைய இரண்டு சீட் பெட்ரோல் விமானத்தில் 90 லிட்டருக்கு மேல் பிடிக்கும். போகப்போக அது கரைந்து விமானமும் லேசாகும். பேட்டரி ஏறும்போது எவ்வளவோ, இறங்கும்போதும் அவ்வளவே.

வெலிஸில் மிச்சம் ஆட்களுக்கு எவ்வளவு? 172 கிலோ. ஆளுக்கு 86. நான் வேலை பார்த்த விமானப் பயிற்சி கிளப்பில் ஒரு பயிற்றுநர் இருந்தார், தங்கமான மனிதர், 98 கிலோ. அவர் பக்கத்தில் உட்காரப் போகிற பையன் காலையில் இட்லி சாப்பிட்டானா என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

பறக்கும் நேரம் 50 நிமிடம் வரை, அதற்கு மேல் கொஞ்சம் ரிசர்வ். "50 நிமிடம் போதாதா சார்?" என்று அன்றைக்கும் கேட்டார்கள். ரன்வேயைச் சுற்றிச் சுற்றி இறங்கி ஏறப் பழகுவதற்குத் தாராளமாகப் போதும். அதையும் மேடையில் சொன்னேன். அதுவும் வெட்டில் போய்விட்டது.

ஒரு மாலை. சோலோ போன, அதாவது தனியாக விமானத்தை ஓட்டிப் போன பையன், இரண்டாவதோ மூன்றாவதோ சோலோ. ஒரு பயணிகள் விமானம் வருகிறது, ஒதுங்கி நில் என்று டவரில் சொல்லிவிட்டார்கள். அது இறங்கியதும் ரன்வேயில் நாய். நாயை விரட்டி முடிப்பதற்குள் மேற்கே இருந்து மழை வந்து களத்தின் மேல் உட்கார்ந்துகொண்டது. பையன் மேலே வட்டமடித்தபடியே 35 நிமிடம். கீழே பயிற்றுநர் வாக்கி-டாக்கியில் அவனோடு சினிமா பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசலில் நின்று, காலையில் எவ்வளவு எரிபொருள் ஊற்றினேன் என்று மனசுக்குள் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன். இறங்கினான். டாங்கில் பாதிக்கு மேல் இருந்தது. அந்தப் பாதி டாங்கைத்தான் நான் கேட்கிறேன். பேட்டரியில் அதை எங்கே வைப்பீர்கள்?

"பேட்டரி வருஷா வருஷம் முன்னேறுகிறது" என்பார்கள். உண்மை, மறுக்கவில்லை. இதே எடையில் இரட்டிப்பு சக்தி வந்தால், அன்று நானே மாலை வாங்கிக்கொண்டு வருகிறேன். ஆனால் 2022 பிப்ரவரியில் நம்முடைய இரண்டு சீட் பயிற்சி விமானம் ஹன்சா-என்.ஜி. சோதனைக்காகப் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்தது. 140 நாட்டிகல் மைல் (சுமார் 260 கிலோமீட்டர்), சுமார் ஒன்றரை மணி நேரம். பேட்டரி இரட்டிப்பானாலும் அங்கே போய்ச் சேரும்போது கையில் மிஞ்சுவது சில நிமிடங்கள்தான். ஹன்சாவிலேயே மின்சார மாடல் வரப்போகிறது என்று 2025-ல் ஒன்றிய அமைச்சர் அறிவித்தார், விலை சுமார் 2 கோடி. வரட்டும், சந்தோஷம். ஆனால் கமர்ஷியல் பைலட் லைசன்ஸுக்கு 200 மணி நேரம் பறக்க வேண்டும், அதில் 300 நாட்டிகல் மைலுக்குக் குறையாத ஒரு பயணமும் உண்டு. அதற்கு என்ன செய்வது என்று கேட்டால் மாட்டு வண்டி.

"என் ஸ்கூட்டர் பேட்டரியில்தானே ஓடுகிறது?" தம்பி, சார்ஜ் தீர்ந்தால் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

"வெளிநாட்டிலெல்லாம்..." ஆமாம், வெளிநாட்டில். 2022-ல் அமெரிக்காவில் ஆலிஸ் என்ற மின்சார விமானம் 8 நிமிடம் பறந்தது. நாசாவின் மின்சார விமானம் எக்ஸ்-57 ஒரு தடவைகூடப் பறக்காமலே 2023-ல் மூட்டை கட்டப்பட்டது. 2019-ல் நார்வேயில் ஒரு துணை அமைச்சரை ஏற்றிக்கொண்டு போன மின்சார விமானம் சக்தி இழந்து ஏரியில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரு விபத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, பெட்ரோல் விமானமும்தான் விழுகிறது, தெரியும். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மின்சாரத்துக்கு ஏற்ற இடம் கிளைடர். தானே மேலேறும் அளவுக்கு மோட்டார், ஏறியதும் அணைத்துவிட்டு வெப்பக் காற்றில் மிதக்கலாம். ஆன்டரெஸ் 20இ என்ற கிளைடர் இருபது வருஷத்துக்கு முன்பே அதைச் செய்தது. அங்கே யாரும் மாட்டு வண்டி வரையவில்லை, ஏனென்றால் அங்கே யாரும் பொய்க் கணக்கும் சொல்லவில்லை.

கடைசியாக, வீடியோவுக்குக் கீழே இருந்த அந்தக் கமெண்ட். "பெட்ரோல் இஞ்சின் போனால் இவர் பிழைப்பு போய்விடும், அதுதான் வயிற்றெரிச்சல்." 132 லைக்.

நான் ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகிறது. ஏவ்கேஸில், அதாவது சின்ன விமானங்களுக்கு ஊற்றும் பெட்ரோலில், ஈயம் கலந்திருக்கிறது என்பது லைக் போட்டவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அந்த ஈயம் ஸ்பார்க் பிளக்குக்குள் குண்டு குண்டாக உறைந்து நிற்கும். ஊசி மாதிரி ஒன்றை வைத்துக் குத்திக் குத்தி எடுக்க வேண்டும். 31 வருஷம் எடுத்திருக்கிறேன். தினமும் விடியற்காலை டாங்குக்கு அடியில் கையை நீட்டி, அந்த நீல எரிபொருளைக் குப்பியில் பிடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பேன். பாதி மணிக்கட்டில் வழியும். வீட்டுக்கு வந்தால் மகள் பக்கத்தில் வரமாட்டாள், நாறுதுப்பா என்பாள். பிளக் இல்லாத, பிளக்குக்கு மின்பொறி தரும் மேக்னெட்டோ இல்லாத, பறந்த 50 மணி நேரத்துக்கு ஒரு தரம் ஆயில் மாற்றத் தேவையில்லாத ஒரு விமானம் வேண்டாம் என்று நான் சொல்வேனா? எனக்கு அது எப்போதோ வந்திருக்க வேண்டும்.

முழு 22 நிமிடப் பதிவையும் போடுங்கள் என்று கூட்டம் நடத்தினவர்களிடம் கேட்டிருக்கிறேன். "எடிட்டிங் நடக்குது சார்" என்றார்கள்.