ஊட்டி குளிருக்கும் டங்ஸ்டன் தேயறதுக்கும் சம்பந்தம் இல்லைங்க

அண்ணா, மேல "ஊட்டி குளிருல ஆர்கான் வெல்டிங் டங்ஸ்டன் தேயவே தேயாது, டார்ச்ச பாசிட்டிவ்ல போட்டா இன்னும் ஆழமா இறங்கும்"னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே தப்புங்க, பசங்க யாராச்சும் நம்பி செஞ்சிட போறாங்க.

டார்ச் நுனில இருக்கற டங்ஸ்டன் ராடு உருகறதே 3,422 டிகிரில, ஆர்க்கோட (ராடுக்கும் ஜாப்புக்கும், அதாவது வெல்டு பண்ற பொருளுக்கும், நடுவுல எரியற மின்பொறி) சூடு அதையும் தாண்டி எங்கயோ போகுது, அதுக்கு முன்னாடி வெளிய 5 டிகிரியா 30 டிகிரியாங்கறது ஒரு கணக்கே இல்ல. டார்ச் மெஷினோட நெகட்டிவ் முனைல இருந்தா எலக்ட்ரான் டங்ஸ்டன விட்டு கெளம்பறப்பவே கொஞ்சம் சூட்டையும் தூக்கிட்டு போயி விழற எடத்துல கொட்டிரும், அதனாலதான் ஏறக்குறைய 70 சதவீதம் சூடு ஜாப்புக்கு போகுது. பாசிட்டிவ்ல மாத்துனா அந்த அடி முழுக்க டங்ஸ்டன் மேலதான். 1.6 மிமீ ராடு நெகட்டிவ்ல 150 ஆம்பியர் வரைக்கும் தாங்கும், பாசிட்டிவ்ல 20 தாண்டுனாலே நுனி உருண்டையாயிரும், ஆழமும் கொறஞ்சிரும்.

நெசமா தேயறது எங்கன்னா, ஆர்க் நின்ன உடனே ஆர்கான் கேஸ மூடிடறது. நுனி சிவப்பா இருக்கறப்ப காத்து பட்டா ஆக்சைடாகி நீலமா கருப்பா மாறி உதிருது. குன்னூர் பக்கம் டீ ஃபேக்டரி ஸ்டெயின்லெஸ் வேலைல ஆர்க் நின்னப்புறமும் 10 செகண்ட் கேஸ் விட ஆரம்பிச்சப்புறம்தான் எனக்கு ராடு தேயாம நின்னுச்சு.

இன்னொன்னு, மெஷின் ரேட்டிங் (எத்தன ஆம்பியர்ல எவ்வளவு நேரம் ஓடும்ங்கற கணக்கு) பொதுவா 1,000 மீட்டர் உயரம் வரைக்கும்தான், ஊட்டி 2,240. காத்து லேசா இருக்கறதால ஃபேன் சூட்ட கம்மியாதான் இழுக்கும், நடுநடுவுல மெஷினுக்கு ரெஸ்ட் குடுங்க. வாட்டர் கூலிங் டார்ச்னா உறைபனி மாசத்துல வெறும் தண்ணி ஊத்தாதீங்க, கூலன்ட் ஊத்துங்க.