வெட்டிய காட்டில் தேனீ கூடிவிட்டதாம்

மரம் வெட்டி நான்கு ஆண்டுகளான ஒரு காட்டுச் சரிவின் படத்தை நண்பர் ஒருவர் பகிர்ந்திருந்தார். அடிமரக் கட்டைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்கு ஊதாச்சிவப்புப் பூக்கள், பூவுக்குப் பூ தேனீ. கீழே ஒரு கேள்வி: காட்டை வெட்டினால் பூச்சிகள் அழிந்துவிடும் என்றீர்களே, இதற்கு என்ன பதில்? இரண்டு வரியில் அடங்காததால் இந்த நீண்ட பதிவு.

படம் பொய்யல்ல. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். குளிர்நாட்டு ஊசியிலைக் காடுகளுக்குள் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுப்பகலிலும் தரை இருட்டாக இருக்கும். பாசியும் உதிர்ந்த ஊசியிலையும்தான், பூ அபூர்வம். பூ இல்லாத இடத்தில் தேனீக்கு என்ன வேலை? மரங்களைச் சாய்த்ததும் வெயில் தரையைத் தொடுகிறது, மண் சூடேறுகிறது, காற்றில் வந்த விதைகள் முளைக்கின்றன. நண்பரின் படத்தில் இருப்பது ஃபயர்வீட். ஒரே செடி 80,000 விதைகள் வரை உதிர்க்கும், ஒவ்வொன்றுக்கும் பஞ்சுச் சிறகு உண்டு. காடு எரிந்தாலும் வரும், வெட்டினாலும் வரும். இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்த லண்டன் இடிபாடுகளிலும் வந்தது.

அந்தச் செடியைப் பற்றி இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1790இல் ஜெர்மானியத் தாவர ஆய்வாளரான ஸ்ப்ரெங்கல் இதன் பூவில்தான் ஒரு விநோதத்தைக் கவனித்தார். பூ முதலில் மகரந்தத்தை உதிர்க்கிறது. அது தீர்ந்த பிறகே சூல்முடி விரிகிறது. முதலில் ஆண், பிறகு பெண். தண்டின் அடியில் இருப்பவை மூத்த பூக்கள், அதாவது பெண் நிலையில் இருப்பவை. தேனீ அடியில் தொடங்கி மேலேறும் பழக்கம் உள்ளது. மேலே ஆண் நிலையில் இருக்கும் இளம் பூக்களில் மகரந்தத்தைப் பூசிக்கொண்டு, அடுத்த செடியின் அடிப்பூவுக்குப் போகிறது. செடி தன் மகரந்தத்தைத் தானே வாங்கிக்கொள்ளாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு.

ஆக, தேனீ கூடியிருக்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. எந்தத் தேனீ என்று கேட்காமல் எண்ணிக்கையை மட்டும் நீட்டுவதுதான் எரிச்சல் ஊட்டுகிறது.

உலகில் 20,000க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. கூட்டமாக வாழ்ந்து தேன் சேர்ப்பவை அவற்றில் கைப்பிடியளவு. பெரும்பாலானவை தனியாகவே வாழ்கின்றன. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு இனங்கள் மண்ணில் வளை தோண்டி முட்டையிடுகின்றன. வெயில் படும் வெற்று மண் அவற்றுக்கு வீட்டுமனை, எனவே வெட்டிய நிலம் பிடித்துப்போகிறது. ஆனால் அதே மண்ணில் கனரக வண்டிகள் ஏறி இறங்கி இறுக்கிவிட்ட தடங்களில் தோண்டுவது சிரமம். எஞ்சியவற்றில் பல, வண்டுப்புழுக்கள் பட்ட மரத்தில் குடைந்துவிட்டுப் போன துளைகளில் குடியேறுகின்றன. மேசன் தேனீ அந்தத் துளைக்குள் மகரந்த உருண்டை வைத்து, அதன்மேல் முட்டையிட்டு, வாயிலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அதற்கு வேண்டியது பழைய, வெயிலில் நிற்கும், வண்டு தின்ற மரம். வெட்டிய இடத்தைச் "சுத்தம்" செய்கிறேன் என்று கிளைகளையும் பட்ட மரங்களையும் வாரி எரித்தால் பூ இருக்கும், வீடு இருக்காது. தேனீ வேடமிட்டுத் திரியும் பூ ஈக்களின் கதையும் இதுதான். அவற்றில் சில இனங்களின் புழுக்கள் முதிய மரப் பொந்துகளில் தேங்கும் அழுகல் நீரில்தான் வளரும். அந்தப் பொந்து உருவாக நூறாண்டுகளும் ஆகலாம்.

எண்ணும் முறையையும் கொஞ்சம் பார்ப்போம். மஞ்சள், நீலம், வெள்ளைக் கிண்ணங்களில் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தரையில் வைப்பார்கள். பூவென்று நினைத்து இறங்கும் பூச்சி மூழ்கிவிடும். மலிவான, எளிய முறை. சிக்கல் என்னவென்றால், சுற்றிலும் பூ இல்லாத இடத்தில் கிண்ணம்தான் ஒரே பூ. பூ மலிந்த இடத்தில் அதை யாரும் சீந்துவதில்லை. மேலும் அடர்ந்த காட்டில் பூப்பது எங்கே? பல நேரங்களில் முப்பது நாற்பது மீட்டர் உயரத்தில், மர உச்சிகளில். அங்கே நடக்கும் திருவிழா தரையில் இருக்கும் கிண்ணத்துக்கு எப்படித் தெரியும்? வெட்டாத காட்டில் பூச்சி குறைவு என்ற முடிவைப் பார்க்கும்போதெல்லாம், எந்த உயரத்தில் எண்ணினீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

வெப்பமண்டலக் காடுகளுக்கு வந்தால் நண்பரின் படம் சுத்தமாகப் பொருந்தாது. அங்கே பூக்கும் தாவர இனங்களில் சராசரியாக 94 விழுக்காடு மகரந்தச் சேர்க்கைக்கு விலங்குகளை, குறிப்பாகப் பூச்சிகளை நம்பியிருப்பதாக 2011இல் வெளியான ஒரு கணக்கு சொல்கிறது. மிதவெப்பப் பகுதிகளில் அது 78. மரங்களே பூச்சிகளை நம்பி இருக்கின்றன. போர்னியோவில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே ஒன்றுகூடிப் பூக்கும்போது மலைத்தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன. அவை அடை கட்டுவது ஓங்கி வளர்ந்த மரங்களின் கிளைகளில். கொசுத்தேனீக்களுக்குப் பெருமரங்களின் பொந்துகள் வேண்டும்.

அமேசானின் பிரேசில் நட் மரம் இதற்கு நல்ல உதாரணம். பிரேசிலில் அந்த மரத்தை வெட்டச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் சுற்றியிருந்த காட்டை அழித்து மேய்ச்சல் நிலமாக்கிய இடங்களில் அந்த மரம் மட்டும் தன்னந்தனியாக நிற்கிறது. அதன் பூவுக்கு இறுக்கமான மூடி உண்டு. அதைத் தூக்கி உள்ளே நுழைய உடல் வலுவுள்ள பெரிய தேனீ வேண்டும். அந்தத் தேனீக்களுக்கோ மற்ற மாதங்களில் தின்ன வேறு பூக்கள் வேண்டும், அவை காட்டில்தான் இருந்தன. மரத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது, காய்ப்பு சரிந்துவிட்டது. பார்க்கிறவருக்கு அது பச்சையாக, உயிரோடு நிற்கும் மரம்தான். அந்தப் பெரிய தேனீக்களில் ஒரு வகையான ஆர்க்கிட் தேனீக்கள் நெடுந்தூரம் பறக்கக்கூடியவை. 23 கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்ட ஒன்று திரும்பி வந்ததை 1971இல் அமெரிக்கச் சூழலியலாளர் டேனியல் ஜான்சென் பதிவு செய்திருக்கிறார். ஆனால் சின்னஞ்சிறு தேனீக்கள் பலவற்றுக்குச் சில நூறு மீட்டரே உலகம். அவற்றுக்குப் பெரிய மொட்டைத் திடலின் நடுப்பகுதி எட்டாத தூரம்.

அடுத்தது காலம். நான்காம் ஆண்டில் எடுத்த படத்தை யாரும் பதினைந்தாம் ஆண்டில் மறுபடி எடுத்துக் காட்டுவதில்லை. வரிசையாக நட்ட ஒரே இனக் கன்றுகள் அதற்குள் தலைகோத்துக்கொள்ளும், தரை மறுபடி இருண்டுவிடும். சில இடங்களில் அதுவரைகூடப் பொறுப்பதில்லை. கன்றுக்குப் போட்டி என்று சொல்லி முதல் சில ஆண்டுகளிலேயே களைக்கொல்லி தெளிக்கிறார்கள். அந்தப் போட்டிதான் நண்பரின் படத்தில் இருக்கும் ஊதாப் பூ.

மரம் வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மேசையில் அமர்ந்து தாளில் எழுதுகிறவன் அப்படிச் சொல்வது போலித்தனம். புயலிலும் தீயிலும் காடு எப்போதும் திறந்து மூடிக்கொண்டே இருந்திருக்கிறது, திறந்த வெளியை நம்பியே வாழும் பூச்சிகளும் காட்டின் பிள்ளைகள்தாம். ஆனால் புயல் சாய்த்த மரம் அங்கேயே கிடந்து மட்கும். நாம் வெட்டியது லாரியில் ஏறிவிடும். வெட்டுகிறவர்கள் பொந்துள்ள கிழ மரங்களை விட்டுவைக்கட்டும், பட்ட மரங்களை நிற்கவிடட்டும், செத்தையை எரிக்காமல் போடட்டும், பூக்கும் களைக்கு ஐந்தாறு ஆண்டாவது உயிர்ப்பிச்சை கொடுக்கட்டும். பார்வைக்கு அலங்கோலமாக இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

நண்பருக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அங்கே போகும்போது பூவை விட்டுவிட்டு அந்த அடிமரக் கட்டைகளை நெருங்கிப் படமெடுத்து அனுப்புங்கள். பென்சில் நுழையும் அளவில் துளைகள் இருக்கின்றனவா, அவற்றில் எத்தனை மண் பூசி அடைக்கப்பட்டிருக்கின்றன என்று எண்ணிச் சொல்லுங்கள்.