வரத்துக்கால் இல்லாத ஏரிக்கு நடைபாதை எதற்கு?

கோடை வந்தால் போதும், எங்கள் தென்சென்னைப் பகுதியில் ஏதாவது ஓர் ஏரியில் பொக்லைன் இறங்கிவிடுகிறது. தூர் வாருகிறார்கள், கரையை உயர்த்துகிறார்கள், சிமென்ட் கல் பதித்து நடைபாதை போடுகிறார்கள், விளக்குக் கம்பம் நடுகிறார்கள். மாலையில் பெரியவர்கள் நடக்க ஓர் இடம் கிடைப்பதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் இத்தனையும் செய்த ஏரிக்குத் தண்ணீர் எந்த வழியாக வந்து சேரும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. ஏரிக்கு மழைநீரைக் கொண்டுவரும் வாய்க்காலான வரத்துக்கால்மேல் தெருவும் வீடும் வந்துவிட்டன. மழை ஏரிக்கு வெளியே தெருவில் தேங்கி நிற்கிறது.

சென்னையைச் சுற்றியுள்ள காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. பாலாறும் கொசஸ்தலையும் அடையாறும் மழையை நம்பி ஓடுபவை. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக ஏறக்குறைய 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதுவும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், விரல்விட்டு எண்ணக்கூடிய சில நாட்களில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. அந்தச் சில நாட்களின் மழையை ஆண்டு முழுவதற்கும் நிறுத்திவைக்கத்தான் நம் முன்னோர் ஏரிகளைச் சங்கிலியாக வெட்டினார்கள். மேட்டு ஏரி நிரம்பினால் மிகுதி நீர் வெளியேறும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும். செம்பாக்கத்தில் நிரம்பியது நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று இறங்கிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை அடையும். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், கோவளம், கடல். வழியெல்லாம் மண்ணில் இறங்கிக்கொண்டே போகும். ஊர்க் கிணறுகளில் ஊறியது அந்தத் தண்ணீர்தான்.

கடல் நீர் ஆவியாகி, மேகமாகி, மழையாகிறது என்று பள்ளியில் படம் வரைந்து பாகம் குறித்தோம். வானத்தில் நடப்பது நம் கையில் இல்லை. மழைத்துளி தரையைத் தொட்ட பிறகு மண்ணில் தங்குமா, சில மணி நேரத்தில் கடலுக்கு ஓடிவிடுமா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அந்த ஒரு பகுதியில்தான் நாம் தோற்றுக்கொண்டிருக்கிறோம்.

2015 டிசம்பர் முதல் தேதியை இந்த ஊரில் யாரால் மறக்க முடியும்? தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். அடையாற்றங்கரை மூழ்கியது. நான்கு ஆண்டுகூட ஆகவில்லை, 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டன. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு வந்தது. வெள்ளமும் வறட்சியும் இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று இன்றும் பேசுகிறோம். ஒன்றுக்கு மழைநீர் வடிகால், மற்றொன்றுக்குக் கடல்நீர் சுத்திகரிப்பு என்று தனித்தனியாகப் பணம் ஒதுக்குகிறோம். தண்ணீர் தங்க இடமில்லாததுதான் இரண்டுக்கும் காரணம்.

சென்னைக்கு வடக்கே உள்ள மீஞ்சூரின் கதையைக் கொஞ்சம் பாருங்கள். நகரத்தின் தாகம் தீர்க்க ஆரணி, கொசஸ்தலை ஆற்றுப் படுகைகளில் ஆழ்துளைக் கிணறுகள் போட்டுப் பல பத்தாண்டுகள் இறைத்தார்கள். ஊறியதைவிட இறைத்தது அதிகம். நன்னீர் மட்டம் இறங்கிய இடத்துக்குக் கடல் நீர் நிலத்தடியில் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. கிணறுகள் உப்பாயின, பயிர் செய்தவர்கள் பரிதவித்தார்கள். அதே மீஞ்சூரை அடுத்த கடற்கரையில்தான் 2010-இல் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை தொடங்கப்பட்டது. கடல்நீர் ஆலையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மழை பொய்த்த ஆண்டில் அது கைகொடுக்கும். ஆனால் மின்சாரத்தைக் கொட்டி உப்பைப் பிரித்து, மிஞ்சும் கடும் உப்புநீரை மீனவர்களின் கடலிலேயே விடும் முறையை நம் முதல் நம்பிக்கையாக ஆக்கிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் கழிவுநீரை நன்றாகச் சுத்திகரித்து, ஒவ்வோர் இடத்திலும் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் அளவுக்குத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கும் ஆலைகளை அமைத்தார்களே, அது நல்ல வழி. தொழிற்சாலைக்குக் குடிநீர் எதற்கு?

2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது எல்லோரும் முணுமுணுத்தோம். பிறகு கிணறுகளில் நீர்மட்டம் ஏறியதையும் பார்த்தோம். இன்று எத்தனை வீடுகளில் மழைநீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள்? கூழாங்கல்லும் மணலும் சேறு பிடித்து அடைத்துக் கிடக்கின்றன. திருவான்மியூர், பெசன்ட் நகர் போன்ற மணற்பாங்கான இடத்தில் சிறிய குழியே போதும். களிமண் உள்ள இடத்தில் களிமண் அடுக்கைத் தாண்டி இறங்கும் உறிஞ்சு கிணறு வேண்டும். எல்லா மனைக்கும் ஒரே அளவுக் குழி என்று வரைபடத்தில் காட்டி அனுமதி வாங்குவதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஏரியில் நிற்கும் நீரை நம் வெயில் ஓராண்டில் ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்துக்குக் குடித்துவிடும். மண்ணுக்குள் ஆழமாக இறங்கிய நீரை வெயில் தொடாது. இதைவிடப் பெரிய அணை நமக்கு வேறெங்கே கிடைக்கும்?

பள்ளிக்கரணைக்கு 2022-இல், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்ற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது கொண்டாடினோம். ஒரு காலத்தில் பரந்து கிடந்த சதுப்பு நிலத்தில் மிஞ்சியது சிறு பகுதிதான் என்பதையும், அதற்கு நீர் தரும் மேட்டு ஏரிகளின் கால்வாய்களில் இன்று சாக்கடை ஓடுகிறது என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். நுங்கம்பாக்கம் ஏரியும் மாம்பலத்து நெடிய ஏரியும் இன்று தெருக்களாகிவிட்டன. அவற்றை மீட்க முடியாது. புறநகரில் மிச்சமிருப்பதை மீட்க முடியும்.

அதற்கு நான் கேட்பது இவ்வளவுதான். எந்த ஏரியைச் சீரமைத்தாலும் முதல் ரூபாய் வரத்துக்காலுக்கும் கலங்கலுக்கும் போக வேண்டும். அதில் சாக்கடை கலக்கும் ஒவ்வொரு குழாயையும் அடைத்த பிறகே நடைபாதைக்கு ஒப்பந்தம் விட வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றும்போது குடிசைகளோடு நின்றுவிடாமல் பெரிய கட்டடங்களையும் தொட வேண்டும். குடிசையில் இருப்பவர்களுக்கு அருகிலேயே வீடு கொடுக்க வேண்டும். நாமும் செய்ய ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு நிலத்தின் வகையையும் சொல்லும் வருவாய்த் துறையின் அ-பதிவேடும், நிலத்தின் எல்லையைக் காட்டும் புல வரைபடமும் இணையத்தில் கிடைக்கின்றன. உங்கள் தெருவுக்குப் பக்கத்தில் ‘வாய்க்கால் புறம்போக்கு’ என்று எந்தப் புல எண் இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை எழுதி, வாய்க்காலை அளந்து கல் நடச் சொல்லி வட்டாட்சியருக்கு மனு கொடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் கொடுங்கள். மனு எழுதத் துணை வேண்டுமென்றால் கீழே சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.