அமெரிக்காகிட்ட 100 வருஷத்துக்கு கேஸ் இருக்கா?

"அமெரிக்காகிட்ட இன்னும் 100 வருஷத்துக்கு கேஸ் ஸ்டாக் இருக்கு"ன்னு ஒரு ஃபார்வர்ட் மறுபடி சுத்துது (கேஸ்னா இங்க இயற்கை எரிவாயு). இது சும்மா கிளப்பிவிட்டது இல்ல, 2012 ஜனவரில ஒபாமாவே கிட்டத்தட்ட 100 வருஷம்னு பேசினாரு. பிரச்சனை அந்த 100 எப்படி வந்துச்சுங்கறதுலதான்.

அந்த வருஷம் அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் போட்ட கணக்கு சுமார் 2,214 லட்சம் கோடி கன அடி, ஒரு வருஷத்துல எரிக்கறது அப்போ 24 லட்சம் கோடி கன அடி போல (கீழ வர்ற இருப்பு, செலவு எண்ணெல்லாம் இதே அளவுலதான்), வகுத்தா 92 வருது, அத ரவுண்ட் பண்ணி 100 ஆக்கிட்டாங்க. ஆனா அந்த 2,214 கையில இருக்கற சரக்கு இல்லீங்க, டெக்னிக்கலா எடுக்க முடியும்னு மதிப்பிட்டது, இன்னும் கண்டே பிடிக்காததும் அதுல சேர்த்தி. தோண்டிப் பாத்து, அன்னிக்கு வெலைக்கு கட்டுபடியாகும்னு உறுதியானது 300 சொச்சம்தான். அத மட்டும் வகுத்தா 12, 13 வருஷம்!

மதிப்பீடு எவ்ளோ ஆடும்னா, மார்செல்லஸ் ஷேல்ங்கற கேஸ் பொதிஞ்ச பாறை அடுக்குக்கு மட்டும் 410னு சொன்னத மறு வருஷமே 141ஆ குறைச்சாங்க.

இன்னொன்னு, செலவு அப்படியே நிக்கும்னு வச்சுதான் வகுக்கறாங்க. வருஷம் 2% ஏறினாலே 100 வருஷ ஸ்டாக் 55 வருஷத்துல காலி. அங்க செலவு 2023லயே 32ஐ தாண்டிடுச்சு, 2016லேர்ந்து கப்பல்ல எல்என்ஜி (குளிரவச்சு திரவமாக்கின கேஸ்) வேற பெரிய அளவுல வெளிய போகுது.

அதுக்காக "12 வருஷத்துல தீந்துடும்"னு எதிர் ஃபார்வர்ட் போடாதீங்க, அதுவும் தப்பு. உறுதியான இருப்பு புதுசா தோண்டத் தோண்ட ஏறும், 2022 கடைசில அது 690 கிட்ட வந்துடுச்சு.