புல்லுக்கும் திசை உண்டுய்யா!

"ரெண்டு நாள்ல செட் ஆயிடும் சார்."

எங்க வாசல் புல்லுக்கு ஒட்டுப் போட வந்து, இதைச் சொல்லிட்டுப் போன மனுஷனை யாராவது என் கண்ணுல காட்டுங்க. என்னய்யா செட் ஆகும்? அது செயற்கைப் புல்லு! வளராது, வேர் விடாது, பக்கத்துல இருக்கிற புல்லைப் பாத்து நல்ல பழக்கம் கத்துக்காது. இன்னைக்குக் கோணலா இருந்தா கடைசி வரைக்கும் கோணல்தான்.

வாசப்படிக்கு முன்னாடி எல்லாரும் மிதிக்கிற அந்த இடம்தான் பிரச்சினை. உங்க வீட்டுலயும் அதே இடம்தான்னு தெரியும். இழையெல்லாம் படுத்து, நுனி பிளந்து, அடியில இருக்கிற கறுப்புத் துணி பல்லைக் காட்ட ஆரம்பிச்சாச்சு. ஒரு ஒட்டுப் போடணும், அவ்வளவுதானே?

வந்தார். கத்தியை எடுத்தார். மேல்பக்கமா நின்னுக்கிட்டே ஒரு சதுரம் போட்டார் பாருங்க, எனக்கு அடிவயிறு கலங்கிடுச்சு. புல்லைப் புரட்டிப் போட்டு, பின்னாடி தெரியிற தையல் வரிசை ரெண்டுக்கும் நடுவுல அறுக்கணும். மேலேர்ந்து இழுத்தா ஓரத்து இழை பூரா பாதியில துண்டாகும். ஆச்சு. சதுரத்தைச் சுத்தி நாலு பக்கமும் அவசரத்துல மொட்டையடிச்ச தலை மாதிரி ஆயிடுச்சு.

பள்ளமா இருக்கே, அடியில ஜல்லித்தூள் போட்டு இடிச்சுக் கெட்டி பண்ண வேண்டாமான்னு கேட்டேன். "புல்லு மேல வந்தா தெரியாது சார்." சரி. ஓரத்துல கிடக்கிற மணலைக் கூட்டாம பசையை ஊத்துறீங்களே, பசை மணலைத்தானே பிடிக்கும், துணியை எப்படிப் பிடிக்கும்? "இது ஃபாரின் பசை சார்." அப்படியா, ஃபாரின் பசைக்கு மணல்னா தெரியாது போல.

இதெல்லாம்கூடப் பொறுத்துப் போயிருப்பேன். அடுத்து நடந்ததைத்தான் தாங்க முடியலை. புதுத் துண்டை எடுத்தார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, கையால தடவிப் பாத்தா போதும், இழை எந்தப் பக்கம் சாயுதுன்னு குழந்தைகூடச் சொல்லிடும். தடவலை. வச்சார். தலைகீழா வச்சார்.

"அண்ணே, மத்த புல்லெல்லாம் வாசலைப் பாத்து சாயுது. நீங்க வச்சது தெருவைப் பாத்து சாயுதே."

உத்துப் பாத்தார். தலையை இந்தப் பக்கம் சாய்ச்சார், அந்தப் பக்கம் சாய்ச்சார். ஏதோ பழைய கல்வெட்டைப் படிக்கிற தோரணை. அப்புறம் நிதானமா, "ஆமா சார், ஆனா பசை போட்டாச்சே" அப்படின்னார். பசை காயவே சில மணி நேரம் ஆகும், போட்டு ஒரு நிமிஷம்கூட ஆகலை! தூக்கித் திருப்பி வைக்க வேண்டியதுதானே? "தூக்கினா பிசிறு வந்துடும் சார். வெயில் பட்டா சரியாயிடும்." சொல்லிட்டு, கம்பி பிரஷ்ஷால சாஞ்ச இழையை எல்லாம் பரக் பரக்குன்னு தேய்ச்சார். கம்பி பிரஷ்! நைலான் பிரஷ்ல எதிர்த்திசையில நீவி நிமித்த வேண்டிய இழை, இப்ப நல்லா இருந்ததும் சேர்ந்து பிளந்து நிக்குது.

நிறத்தைப் பத்திப் பேசவே கூடாதுன்னு இருக்கேன். மத்ததெல்லாம் வெயில்ல வெளுத்து நரைச்சிருக்கு, நடுவுல இது மட்டும் பளபளன்னு பச்சை. தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி யாரும் பாக்காத மூலையில அதே வயசுப் புல் கிடக்கு, அதை வெட்டி இங்க போட்டுட்டு புதுசை அங்க போடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "புதுசே தர்றோம், எதுக்கு சார் பழசு?" வள்ளல்!

1966-ல அமெரிக்காவுல ஹூஸ்டன்ல கூரை போட்ட ஆஸ்ட்ரோடோம் மைதானத்துல இந்த மாதிரிப் புல்லை விரிச்சதே, உள்ள நிஜப் புல் செத்துப்போனதாலதான். கூரை வழியா வந்த வெளிச்சம் ஆட்டக்காரங்க கண்ணைக் கூசுதுன்னு பெயிண்ட் அடிச்சாங்க, புல்லு காய்ஞ்சுது. அதாவது வெயில் இல்லாத இடத்துக்குன்னு போய் பேர் வாங்கின சமாச்சாரம். அதைத்தான் நாம மொட்டை வெயில்ல விரிச்சுட்டு வாரண்டி அட்டையைத் தேடிக்கிட்டு இருக்கோம்.

அட்டையும் கிடைச்சுது. மிதிச்சுத் தேய்ஞ்சா வாரண்டி கிடையாது. ஜன்னல் கண்ணாடியில பட்டுத் தெறிக்கிற வெயில்ல உருகினாலும் கிடையாது. சுருட்டிப் பரண்ல போட்டு வச்சிருந்தா உண்டு போலிருக்கு.

இதுல ஒரு கூத்து. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் அந்தப் பச்சைச் சதுரத்தைக் கால்மிதின்னு நினைச்சு, அதுல நின்னு நல்லா அழுந்தத் தேய்ச்சுட்டுத்தான் உள்ள வர்றாங்க. ஒருத்தர் "கால்மிதி நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?"ன்னு வேற கேட்டார். சிரிப்பு வந்துடுச்சு, என்ன பண்ண.

அது கிடக்கட்டும். பிரிஞ்ச ஓரத்தைத் தற்காலிகமா ஒட்டலாம்னு டேப்பை எடுத்தா முனையைக் காணோம். இந்த வீட்டுல டேப்பைக் கிழிச்ச பிறகு முனையைக் கொஞ்சம் மடிச்சு வைக்கக் கூடாதுன்னு ஏதாவது சட்டம் இருக்கா? நகத்தால சுரண்டிச் சுரண்டி, சரியா முனை கிடைக்கிற நேரத்துல அது பாதி அகலத்துக்கு மட்டும் சர்ர்ருனு கிழிஞ்சு வருது. யாருடா அது, கடைசியா டேப்பை எடுத்தது?