தக்காளியைப் பறிக்கலாமா, விடலாமா?

எம்.பி.ஏ. முதல் பருவத்தில் பொருளியல் என்றாலே மாணவர்கள் முகம் சுளிக்கிறார்கள். பாடத்தின் கடினம் அதற்குக் காரணம் என்று நான் கருதவில்லை. வரைபடத்தை முதலில் போட்டுவிட்டு, அதற்கேற்ற சந்தையைப் பிறகு தேடும் நம் கற்பித்தல் முறைதான் காரணம். நெல்லைச் சீமையில் எங்கள் கல்லூரியில் பொருளியல் நடத்தும் நண்பர் ஒருவர் சந்தையிலிருந்து தொடங்குகிறார். துணுக்கும் காணொளியும் இல்லாத அவர் வகுப்பில், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் யாரும் தூங்குவதில்லை.

அண்மையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். பாவூர்சத்திரம் சந்தையில் ஒரு பெட்டி தக்காளி 80 ரூபாய்க்கு ஏலம் போகிறது என்றும், பறிப்புக் கூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் சேர்த்துப் பெட்டிக்கு 100 ரூபாய் ஆகிறது என்றும் வைத்துக்கொண்டு, பறிக்கலாமா விடலாமா என்று ஒவ்வொருவரையும் தாளில் எழுதித் தரச் சொன்னார். உரத்துக்கும் நாற்றுக்கும் போட்ட பணத்தில் கொஞ்சமாவது திரும்பட்டும் என்று பலரும் ‘பறிக்கலாம்’ என எழுதினார்கள். ஆலங்குளம் பக்கத்து மாணவன் ஒருவன், “எங்கப்பான்னா ஆட்டை உள்ள விட்டுருவாவ, சார்” என்றான். அவன் சொன்னதுதான் சரி. போட்ட பணம் எப்படியும் போனதுதான். பறித்தால் பெட்டிக்கு இன்னும் 20 ரூபாய் போகும். ஏலம் 110 ரூபாய் என்றால், மொத்தத்தில் நட்டம் என்றாலும், பறித்தே ஆக வேண்டும். சராசரி மாறும் செலவுக்கும், அதாவது உற்பத்தி செய்தால் மட்டும் ஒரு பெட்டிக்கு ஆகும் செலவுக்கும், கீழே விலை போனால் உற்பத்தியை நிறுத்து என்னும் விதியை அதன் பிறகுதான் கரும்பலகையில் எழுதினார்.

அடுத்து, சென்ற பருவத்து விலையைப் பார்த்து எல்லாரும் நட, அறுவடையில் விலை சரிய, மறு பருவத்தில் எல்லாரும் ஒதுங்க, விலை மீண்டும் ஏறுகிற கதைக்கு வந்தார். 1934-இல் பொருளியலாளர் நிக்கோலஸ் கால்டார் பெயர் சூட்டிய சிலந்தி வலைக் கோட்பாடு அது. “விலை விழும்னு தெரிஞ்சேதான் சார் நடுதாவ, கெணத்துல கெடக்க தண்ணிக்கு வேற என்னத்த நட?” என்று ஒரு மாணவி மறித்தாள். ஆசிரியருக்கு அழகு அந்த இடத்தில் தெரிந்தது. அவளை அடக்காமல், விவசாயி ஒவ்வொரு முறையும் ஏமாறுபவர் அல்லர் என்ற நோக்கில் ஜான் மூத் 1961-இல் எழுதிய கட்டுரையும் இக்கோட்பாட்டைத்தான் கேள்விக்கு உட்படுத்தியது என்று சொல்லி, தண்ணீர்க் கணக்கை அடுத்த வகுப்புக்கு அவளையே எழுதி வரச் சொன்னார்.

இம்முறையில் பாடத்திட்டம் பின்தங்கும் என்பது உண்மை. தேசிய வருமான அலகை அவர் கடைசி வாரங்களில் ஓட்டமாக ஓட்டித்தான் முடித்தார். அது எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ‘வரைபடத்துடன் விளக்குக’ என்றே கேள்வித்தாள் கேட்டுக்கொண்டிருக்கும்வரை மற்றவர்கள் இந்தப் பக்கம் வரப்போவதுமில்லை. கல்லூரிக்குள்ளேயே மதிப்பெண் போடும் அகமதிப்பீடு நம் கையில்தானே இருக்கிறது? அதில் ஒரு பகுதியையாவது, விலையைச் சொல்லி முடிவெடுக்கக் கேட்கும் கேள்விகளுக்கு வரும் பருவத்திலிருந்தே ஒதுக்கலாம்.